ஏழாவது பிரெட்டு

மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்க பக்கத்துச் சன்னல் கம்பியையும் சேர்த்துத் துடைச்சுப்போட்டேன். சட்டையில தூசி விழுந்துருச்சுங்களா? தட்டிக்கோங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. முப்பத்தோரு வருசம் ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பிட்டரா இருந்த கை. நான் ரிட்டயராகி ரெண்டு வருசமாச்சு, இது இன்னும் ஆகலை.

சேலம் தாண்டிட்டமுங்களா? இன்னும் இல்லீங்களா. சரி. நீங்க ஈரோட்டுல எறங்கறீங்க, அப்படித்தானுங்களே? நான் கோயமுத்தூருங்க, சிங்காநல்லூர். பேரு நாச்சிமுத்து. பெங்களூர்ல பொண்ணைப் பார்த்துட்டு வர்றனுங்க.

பொண்ணைப் பார்த்துட்டு வர்றது ஒரு விசேசமான்னு நினைப்பீங்க. எனக்கு விசேசந்தானுங்க. ஒண்ணே முக்கால் வருசம் கழிச்சுப் பார்த்திருக்கறேன். ஏன்னு கேளுங்க. ஒரு கிட்டாரைத் துடைச்சதுக்கு. அவ்வளவுதானுங்க. அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன். நீங்களே சொல்லுங்க, அது ஒரு குத்தமுங்களா?

கௌசல்யா அவ பேரு. ஒரே பொண்ணு. காலேஜ்ல பி.காம் படிக்கறப்ப எங்கிருந்தோ இந்தக் கிட்டார்ப் பைத்தியம் புடிச்சுக்கிச்சு. சாதா மரக் கிட்டார் இல்லீங்க, எலெக்ட்ரிக் கிட்டார். ஒயரைச் சொருகி ஸ்பீக்கர் பொட்டியில குடுத்தா வூடே அதிரும். யாரோ வாசிச்சுப் பழசானது, செவப்புக் கலரு, அவளே வாங்கிட்டு வந்தா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அதை நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. ஒரு நாளும் சொல்லலை. பக்கத்து வூட்டுக்காரரு சத்தம் சத்தம்னு வந்தப்பக்கூட, எங்க மில்லுச் சத்தத்துல ஒரு நாள் நின்னு பாருங்க, அப்பறம் வந்து பேசுங்கன்னு அனுப்பிச்சவன் நானு.

எனக்கு அந்தச் சத்தம் இல்லீங்க பிரச்சினை. அழுக்கு.

வீணையில மெட்டுன்னு இருக்குமில்லீங்க, அந்த மாதிரி இதுல கழுத்துக் கட்டை மேல குறுக்கால வரிசையாச் சின்னச் சின்ன உலோகக் கம்பி பதிச்சிருக்கும். பிரெட்டுங்கறாங்க. ஒரு பிரெட்டுக்கும் அடுத்த பிரெட்டுக்கும் நடுவுல ஒரு கட்டம். அந்தக் கட்டத்துலதான் விரலை வச்சு, மேல ஓடற தந்தியை அமுத்தோணும். தினமும் மூணு மணிநேரம், நாலு மணிநேரம் வாசிச்சா என்னாகும்? விரல் வேர்வை, செத்த தோலு, தூசி எல்லாஞ் சேர்ந்து ஒவ்வொரு பிரெட்டோரமும் கறுப்பா அடை மாதிரி புடிச்சுக் கெடக்குது. பிரெட்டெல்லாம் மங்கி, சிலதுல பச்சைப் பூத்துப்போச்சு. அவ வாசிக்கறப்ப ஊரே பாட்டைக் கேக்கும். என் கண்ணு அந்தக் கறுப்புலயே நிக்கும். மில்லுல நூல் நூக்கற ரிங் பிரேம் ரோலர்ல அத்தினி பிசுக்கு இருந்தா எங்க சூப்பர்வைசர் மெசினை ஓட்டவே வுட மாட்டாருங்க.

சொன்னனுங்க. "கண்ணு, இதைக் கொஞ்சம் தொடச்சா என்ன?"

"அப்பா, அதை மட்டும் தொட்டுறாதீங்க. போட்டி முடியட்டும், நானே பண்ணிக்கறேன்"னா.

போட்டின்னா, அவளும் கூடப் படிச்ச மூணு பேரும் சேர்ந்து ஒரு பேண்டு வச்சிருந்தாங்க. டவுன்ல ஒரு பெரிய ஆடிட்டோரியத்துல போட்டி. ஜெயிக்கறவங்களுக்கு மெட்ராஸ்ல மேடை. ஆறு மாசமா அதே பேச்சு, அதே பாட்டு. அந்தப் பாட்டுல நடுவுல எல்லாரும் நிறுத்திக்குவாங்க, இவ மட்டும் தனியா வாசிப்பா. ஒரு நிமிசம் இருக்கும். எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்க. ஆனா அந்த ஒரு நிமிசம் எனக்கு மனப்பாடம். குளிக்கறப்ப நானே வாயில முணுமுணுப்பேன்.

போட்டி அன்னிக்குக் காலைல, ட்ரெஸ் வாங்கோணும்னு பிரெண்டோட கிளம்பிப் போயிட்டா. கிட்டார் கட்டில் மேல கெடக்குது. சன்னல் வெயில் நேரா அந்தக் கறுப்பு மேல அடிக்குது. இத்தினி பேரு பார்க்கற மேடைக்கு இப்படியா எடுத்துட்டுப் போறதுன்னு தோணுச்சுங்க. உங்களுக்குத் தோணாதா? கல்யாணத்துக்குப் போறப்ப புள்ளை செருப்புல சேறு இருந்தா தொடச்சு வுட மாட்டமா?

தந்தியெல்லாம் கழட்டுனேன். வேஸ்ட் பஞ்சுல மண்ணெண்ணெய் தொட்டுக் கட்டையைத் தொடச்சேன். ஸ்டீல் நாரு, பித்தளை பாலிஷ். இருபத்திரெண்டு பிரெட்டுங்க அதுல. ஒவ்வொண்ணா எண்ணி எண்ணிப் பண்ணுனேன். ரெண்டரை மணிநேரம். முடிச்சுப் பார்த்தா வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னுச்சு. தந்தியைத் திருப்பி மாட்டி, உறையில போட்டு, ஜிப்பை இழுத்து, எடுத்த எடத்துலயே வச்சுட்டேன். ஒரு வார்த்தை சொல்லலை. மேடையில எடுத்துப் பார்த்து அவளே அசந்து போகட்டும்னு.

என்ற சம்சாரம் ருக்மணி வாசல்லயே நின்னு பார்த்துட்டு, "ஏனுங்க, அவ சைக்கிளையும் இப்படித்தானுங்க பிரிச்சுப் போட்டீங்க"ன்னா. அது வேற விசயமுங்க. சைக்கிள்ல பிரேக் சரியில்லை. பரீட்சைக்கு அவ சைக்கிள்ல போகோணும், சரி, அன்னிக்குச் சேர்த்து முடிக்க நேரம் பத்தலை, பஸ்சுல போனா. பிரேக்கு முக்கியமில்லீங்களா?

டிக்கெட் பார்க்கறவரு வந்துட்டுப் போயிட்டாருங்களா? என்ற டிக்கெட்டு மேல்பாக்கெட்லதான் இருந்துச்சு. இருங்க. ஆங், இருக்குது.

முன்வரிசையில உக்காந்தனுங்க. சலவைச் சட்டை. நாலாவதா இவங்களைக் கூப்பிட்டாங்க. கௌசி வந்து நின்னா. மொகத்தைப் பார்த்தவுடனே எனக்கு என்னமோ சரியில்லைன்னு பட்டுச்சு. மேடைக்குப் பின்னாடி உறையைத் திறந்து பார்த்து ஆடாம நின்னாளாம், அப்பறமா அவ பிரெண்டு சொல்லுச்சு. தந்தியெல்லாம் சுதி எறங்கிக் கெடந்திருக்குது. அவசர அவசரமாச் சேர்த்திருக்கறா. முன்னாடி வாசிச்சவங்க போட்ட சத்தத்துல வேற எதையும் வாசிச்சுப் பார்க்க முடியலை. அதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுட்டாங்க.

பாட்டு நல்லாத்தானுங்க ஆரம்பிச்சுது. அந்த ஒரு நிமிசம் வந்துச்சு. எல்லாரும் நிறுத்துனாங்க. இவ தனியா வாசிக்கறா. ஒரு எடத்துல தந்தி "ட்ர்ர்"ன்னுச்சு. தகரத்துல ஈ மாட்டுன மாதிரி. சமாளிச்சுக்கிட்டு மேல போனா. திரும்ப அதே எடம் வந்துச்சு, திரும்ப "ட்ர்ர்". அந்தப் பாட்டுல அந்த எடம் பத்துவாட்டி வருமுங்க. மூணாவது வாட்டி அவ விரலை எடுத்துட்டா. அப்படியே நின்னா. அவ கழுத்துக் கட்டையைப் பார்த்தா, அப்பறம் தலையைத் தூக்கி முன்வரிசையில என்னைப் பார்த்தா. கோவமெல்லாம் இல்லீங்க. கோவமா இருந்திருந்தாத் தேவலை.

வூட்டுக்கு வந்து நேராப் போயிப் படுத்துக்கிட்டா. மறுநாள் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லப்பா"ன்னா. தொடைக்கறதுக்கு என்ன கண்ணு கேக்கறதுன்னேன் நானு. தட்டுல கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அடுத்த மாசம் பெங்களூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா. கிட்டாரைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டுப் போயிட்டா. அவங்கம்மாவுக்குத் தினமும் போன் வரும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். "அப்பா நல்லா இருக்காங்களா"ன்னு கேப்பாளாம். கேட்டுட்டு வச்சுருவா.

சரிங்க, இன்னொண்ணு இருக்குது. உங்ககிட்டச் சொல்லாம வுட்டுட்டேன். நீங்க ஈரோட்டுல எறங்கிப் போயிருவீங்க, சொன்னா என்ன.

தொடச்சது மட்டும் இல்லீங்க. தொடைக்கறப்ப விரல்ல தடவிப் பார்த்தேன். ஏழாவது பிரெட்டு ஒரு மயிரிழை தூக்கலா இருக்கற மாதிரி பட்டுச்சு. பிட்டர் விரலுங்க, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். ஒரு சின்ன அரம் எடுத்து ஏழெட்டு இழுப்பு ராவி வுட்டேன். மட்டமாயிருச்சுன்னு நினைச்சேன்.

அது ருக்மணிக்கும் தெரியாது. கௌசிக்கும் நான் சொல்லலை. அவ பெங்களூர் போனதுக்கப்பறம் கிட்டாரைத் தூக்கிட்டு டவுன்ஹால் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனனுங்க. எட்வின்னு ஒருத்தரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கண்ணுகிட்டக் கொண்டுபோயி ஒத்தைக் கண்ணால அந்தக் கழுத்தைப் பார்த்தாரு.

"ஏழாவது பிரெட்டை எவன் சார் அரத்துல ராவுனது?"

நான் பின்னாடி வேற யாரோ நிக்கற மாதிரி திரும்பிப் பார்த்தனுங்க.

ஒரு பிரெட்டு தாழ்ந்துருச்சுன்னா, அங்க அமுத்தற தந்தி அடுத்த பிரெட்டு மேல உரசுமாம். அதுதான் அந்த "ட்ர்ர்". காந்தக் கட்டை ஒண்ணு இருக்குது, தந்திச் சத்தத்தை அதுதான் கரண்ட்டா மாத்தும். அதுல பூரா ஸ்டீல் நாருத் தூளு ஒட்டிக் கெடக்குது. காந்தத்துல இரும்புத் தூளு ஒட்டும்னு ஒரு பிட்டருக்குத் தெரியாதுங்களா? அந்த வெக்கம் எனக்கு இப்பவும் இருக்குதுங்க. மண்ணெண்ணெய் போட்டதுல கட்டையும் வறண்டு வெளுத்துப்போச்சுன்னாரு.

பிரெட்டை மாத்திக் குடுத்தாரு. நான் வுடலை. எப்படித் தொடைக்கோணும்னு சொல்லிக் குடுங்கன்னேன். காந்தக் கட்டையைக் காகிதம் போட்டு மூடோணும். மரம் தெரியாம டேப் ஒட்டி, பிரெட்டு மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சுக்கோணும். நைசான பாலிஷ் துணியால அலுங்காம தேய்க்கோணும். டேப்பை உரிச்சுட்டு, மரத்துக்கு ரெண்டு சொட்டு எண்ணெய், உடனே தொடச்சு எடுத்தரோணும். ஞாயித்துக்கெழமையான்னா அதுதான் வேலை. ருக்மணி கோயிலுக்குப் போவா, நான் டேப்பை எடுத்துட்டு உக்காந்துக்குவேன். ஒரு பிரெட்டுல என்ற மொகமே தெரியுமுங்க. மூக்கு மட்டும்னு வச்சுக்கோங்க, ஆனா தெரியும்.

எட்டு மாசம் கழிச்சு எட்வின் கடைக்கு டேப் வாங்கப் போனேன். "மறுபடியும் எதுக்கு சார்?"ன்னாரு. வாராவாரம் பண்றனுங்கன்னேன். என்னையே பார்த்தாரு. "வாசிக்காத கிட்டார் எப்படி சார் அழுக்காகும்? இப்படியே தேச்சீங்கன்னா பிரெட்டே மிஞ்சாது"ன்னாரு. தூசி படியுமில்லீங்க? அதை யாரு யோசிக்கறா? அவரு வியாபாரி, அவருக்கு அதுக்கு மேல தெரியாது.

இது சங்ககிரிங்களா? அப்ப சேலம் எப்பப் போச்சு? பேசுன பேச்சுல பார்க்கவே இல்லை.

அப்பறம் நேத்துங்க. இனி பண்றதுக்கு ஒண்ணுமே இல்லைங்கற அளவுக்கு ஆயிருச்சு கிட்டாரு. அதையும் தூக்கிக்கிட்டுக் காலைல வண்டி ஏறிட்டேன். ருக்மணி, "போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க"ன்னா. பெத்த பொண்ணைப் பார்க்கறதுக்கு யாராச்சும் கேட்டுட்டாப் போவாங்க? அட்ரஸ் இருக்குது, போனேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தா, கௌசி ஆபீஸ் போயிட்டா. கூட இருக்கற பொண்ணு கதவைத் திறந்துச்சு. ஆக்னஸ், நாகர்கோயில்காரப் பொண்ணு. நைட் ஷிப்ட் வேலையாம், பகல்ல ரூம்லதான் இருக்குது. நல்ல பொண்ணுங்க. "அங்கிள், அவ ஆறு மணிக்குத்தான் வருவா, உக்காருங்க"ன்னு சேரைப் போட்டுச்சு. போன் பண்றன்னுச்சு. வேண்டாம் சாமி, அவளா வரட்டும்னேன்.

உக்காந்து நிமிந்து பார்த்தா, எதுக்கால ஸ்டாண்டுல ஒரு கிட்டாரு. கறுப்புக் கலரு. புதுசா வாங்கியிருக்கறா. எனக்குத் தெரியாது, அவங்கம்மாவும் சொல்லலை. சரி, அது போகட்டும். அந்தக் கழுத்து! தம்பி, அந்தக் கழுத்துல இருந்த அழுக்கை நீங்க பார்க்கோணும். செவப்புக் கிட்டாரெல்லாம் ஒண்ணுமே இல்லை. முதல் அஞ்சு கட்டம் பூராக் கறுப்பு. பிரெட்டுக பழைய ஆணி மாதிரி கெடக்குது.

நாலு மணிநேரமுங்க. சேரைத் திருப்பிப் போட்டு உக்காந்தேன். செவுத்துக் கண்ணாடியில கிட்டாரு தெரிஞ்சுது. கையை ரெண்டு தொடைக்கும் அடியில வச்சுக்கிட்டேன். எந்திரிச்சு வராண்டாவுல நின்னேன், திரும்ப வந்தேன். ஆக்னஸ் டீ குடுத்துச்சு. டம்ளரைக் கழுவி வச்சேன். அப்படியே அடுப்பைத் தொடச்சேன். சுவிட்ச் போர்டைத் தொடச்சேன். சன்னல்ல மூணு வருசத்துத் தூசி, அதையும் எடுத்தேன். அதெல்லாம் கிட்டாரில்லீங்களே. பாலிஷ் துணி என்ற பையில இருக்குது, டேப் இருக்குது, எண்ணெய் இருக்குது. அந்தப் பொண்ணு சித்த நேரம் தூங்குச்சு, பார்க்கறதுக்குக்கூட யாருமில்லை. ரெண்டுவாட்டி கிட்டப் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏன் தொடலைன்னு கேக்கறீங்களா? தெரியலீங்க. பயமாத்தான் இருந்துச்சு. அவ அன்னிக்கு மேடையில இருந்து பார்த்தாளே, அது ஞாபகம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

ஆறேகாலுக்கு வந்தா. எளைச்சுட்டா. முடியைக் கட்டையா வெட்டியிருக்கறா. என்னைப் பார்த்ததும் கதவுலயே நின்னுட்டா.

"எப்பப்பா வந்தீங்க? அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கறா கண்ணு"ன்னேன். செவப்புக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து நீட்டுனேன். ஏழாவது பிரெட்டை அரத்துல ராவுனது நான்தான்னு அப்பத்தான் சொன்னேன். "தெரியும்பா"ன்னா. அன்னிக்கே மேடையிலயே விரலுக்குத் தெரிஞ்சுருச்சாம். தெரிஞ்சே ஒண்ணே முக்கால் வருசம் சொல்லாம இருந்திருக்கறா. பார்த்துக்கோங்க.

வாங்கி மடியில வச்சா. ரெண்டு நிமிசம் வாசிச்சா. அந்த எடத்தையும் வாசிச்சா. சுத்தமா வந்துச்சுங்க, ஒரு உரசல் இல்லை. "நல்லா இருக்குப்பா"ன்னா. நான் என்ற மொகம் தெரியற பிரெட்டைக் காட்டுனேன். "ம்"னா. அப்படியே அதைத் தூக்கி ஆக்னஸ்கிட்டக் குடுத்துட்டா. "உனக்குப் பழகறதுக்கு இது போதும்டி."

ஆக்னஸ் அப்ப சிப்ஸ் தின்னுக்கிட்டு இருந்துச்சுங்க. அந்தக் கையோட வாங்குச்சு. எண்ணெய்க் கை. நேரா மூணாவது கட்டத்துல விரலை வச்சுச்சு. எத்தினி ஞாயித்துக்கெழமை தம்பி! என்ற பையோட ஜிப்பை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு பேச்சுவாக்குல சொல்லுச்சு. "உங்கப்பா எங்க அடுப்பு, சுவிட்ச் போர்டு, சன்னல் எல்லாத்தையும் துடைச்சுப் பளபளன்னு ஆக்கிட்டாருடி. உன் கிட்டார் மேல மட்டும் கையே வைக்கலை. மத்தியானத்துல இருந்து அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாவம்."

கௌசி கறுப்புக் கிட்டார்கிட்டப் போயி விரலால தடவிப் பார்த்தா. விரல்ல கறுப்பு ஒட்டுச்சு. என்னைத் திரும்பிப் பார்த்தா. சிரிப்பு வந்துருச்சு அவளுக்கு. சிரிச்சா, அப்பறம் கண்ணைத் தொடச்சா, திரும்பவும் சிரிச்சா. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு எனக்கு இப்பவும் வெளங்கலீங்க. செவப்புக் கிட்டாரோட பாலிஷைப் பார்த்து மனசு எளகியிருக்கும். பின்ன, அத்தினி மாச உழைப்புங்களே.

"உக்காருங்கப்பா"ன்னா. தரையில ஒரு போர்வையை விரிச்சுக் கறுப்புக் கிட்டாரைப் படுக்க வச்சா. தந்தியெல்லாம் கழட்டுனா. நான் பையில இருந்து துணியை எடுத்தேன். "வேண்டாம்பா, நீங்க கழுத்தைப் புடிச்சுக்கோங்க. புடிக்கறது மட்டும்."

புடிச்சுக்கிட்டேன்.

ஒரு பழைய டீ சர்ட்டைக் கிழிச்சு எடுத்துட்டு வந்தா. டேப் ஒட்டலை. காந்தக் கட்டையை மூடலை. மரத்தோட ரேகைக்குக் குறுக்கால தேய்க்கறா. எண்ணெயை அளவில்லாம ஊத்துறா. எல்லாந் தப்புங்க. ஒண்ணுகூடச் சரியில்லை. அவ ஒரு கட்டம் தேச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது. தேச்சுக்கிட்டே அவ பாட்டுக்குப் பேசறா. ஆபீஸ்ல ஒரு மேனேஜர் எப்படிப் பேசுவான், புதுசா ஒரு பேண்டு சேர்ந்திருக்கறாங்க, இந்த ஊர்ச் சாம்பார்ல வெல்லம் போடறாங்க. நான் "ம்", "ம்"னு கழுத்தைப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன். ஒண்ணே முக்கால் வருசத்துப் பேச்சுங்க அது.

முடிச்சுட்டு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா. "எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குது கண்ணு."

"பொய் சொல்லாதீங்க. உங்க மொகத்துல தெரியுது. எங்க இருக்கு, சொல்லுங்க."

அவ வுட மாட்டேங்குறா. "அஞ்சாவது கட்டத்தோரம் கொஞ்சமா"ன்னேன். குனிஞ்சு பார்த்தா, ஆமான்னு நகத்துல துணியைச் சுத்திச் சொரண்டுனா. "இப்ப?"

"இப்பச் சரியாயிருச்சு"ன்னேன்.

தந்தியை மாட்டிச் சுதி சேர்த்து எனக்கு வாசிச்சுக் காட்டுனா. வேற பாட்டு, புதுசு. ராத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல படுத்துட்டு இன்னிக்கு வண்டி ஏறிட்டேன். ஸ்டேசன் வரைக்கும் கூட வந்தா.

ஒம்போதாவது கட்டத்துல இன்னும் இருந்துச்சுங்க. மேல் ஓரத்துல, நல்லாவே தெரிஞ்சுது. நான் பார்த்தேன். இருக்கட்டும்னு வுட்டுட்டேன்.